நாலு மணிக் கடலை

மாலை நாலு மணிக்கு வயிறு கூப்பிட்டால், கை போவது கண்ணில் படும் டப்பாவுக்குத்தான். அதில் மிக்சர் இருந்தால் மிக்சர், முறுக்கு இருந்தால் முறுக்கு. நட்ஸ் சாப்பிட்டால் நல்லது என்று கேள்விப்பட்டு அரைக் கிலோ பாதாம் வாங்கி வைப்பவர்களும் பெரும்பாலும் அதைக் காலையில் வெறும் வயிற்றில் நாலு என்று எண்ணித் தின்றுவிட்டு, நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத்தான் திறக்கிறார்கள். அப்படிச் செய்தால் பலன் பாதிகூட வராது.

ஏன் என்று கணக்குப் பார்க்கலாம். 30 கிராம் மிக்சரில் சுமார் 150 முதல் 160 கலோரி இருக்கும். 30 கிராம் வேர்க்கடலையில் 170. கலோரியில் கடலை ஒன்றும் இளைத்ததல்ல, ஒரு படி மேலேயே நிற்கிறது. வித்தியாசம் கூட வருவதில் இருக்கிறது. கடலையில் ஏழரை கிராம் புரதம், அதாவது ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டரை கிராம் நார்ச்சத்து. கொழுப்பு 15 கிராம், அதில் பெரும்பகுதி நிறைவுறாத வகை. மிக்சரில் இருப்பது மாவு, பொரித்த எண்ணெய், உப்பு. ஆகவே மிக்சரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடலையை வைத்தால் லாபம். மிக்சரோடு சேர்த்துக் கடலையும் என்றால் மாதத்துக்கு 5,000 கலோரி கூடுதல். அப்புறம் நட்ஸ் தின்றும் இடுப்பு குறையவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

பாதாமை விட்டுவிட்டுக் கடலையைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. தாவரவியல்படி வேர்க்கடலை நட்ஸே அல்ல. துவரை, உளுந்து போலப் பயறு இனம். தென் அமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்தது. விழுப்புரம், கடலூர் பக்கம் மணிலாக்கொட்டை என்ற பெயர் தேய்ந்து மல்லாட்டை ஆனது. யாழ்ப்பாணத்தில் அது கச்சான். ஆனால் சத்துக் கணக்கில் அதன் உறவுக்காரர்கள் பாதாமும் பிஸ்தாவும்தான். 100 கிராம் பாதாமில் புரதம் 21 கிராம், கடலையில் 25. கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. ஃபோலேட், நியாசின் என்ற இரண்டு பி வைட்டமின்களிலும் கடலை முன்னால். பாதாம் ஜெயிப்பது வைட்டமின் ஈயில் (மூன்று மடங்கு), கால்சியத்தில், நார்ச்சத்தில். இந்த மூன்றுக்காகப் பல மடங்கு விலை கொடுக்க வசதி இருந்தால் கொடுக்கலாம். வசதி இல்லாத வீட்டில் பாதாம் வாங்க முடியவில்லையே என்று மனம் குமைய வேண்டியதில்லை. ஒமேகா-3 என்ற கொழுப்பு வகை மட்டும் இரண்டிலும் கிடையாது. அதற்கு வால்நட்தான் போக வேண்டும்.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1992இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, வாரத்தில் நாலு தடவைக்கு மேல் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாக இருப்பதை எழுதினார்கள். 2013இல் அமெரிக்கச் செவிலியர்களும் சுகாதாரத் துறை ஆண்களுமாக 1,18,000 பேருக்கு மேல் தொடர்ந்த ஆய்வில், தினமும் சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் வேர்க்கடலையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் படம் மாறவில்லை. இவை எல்லாம் கவனித்து எழுதியவை. நட்ஸ் தின்பவர்கள் நடப்பவர்களாகவும் சிகரெட் தொடாதவர்களாகவும் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் முழுக்கப் போகாது. அந்தச் சந்தேகத்தைக் குறைத்தது ஸ்பெயினில் 7,400க்கும் மேற்பட்டவர்களைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய பரிசோதனை. அதில் ஒரு குழுவுக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாட்டு முறையோடு தினம் 15 கிராம் வால்நட், ஏழரை கிராம் பாதாம், ஏழரை கிராம் ஹேசல்நட் என்று 30 கிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியதில் கால்பங்குக்கு மேல் குறைந்தது. 2013இல் வெளியான அந்தக் கட்டுரையில் ஆட்களைக் குழு பிரித்த விதத்தில் ஓட்டை இருந்தது தெரிந்து, அதைத் திரும்பப் பெற்று, 2018இல் கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை நோயுள்ள 300 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தினம் 30 கிராம் முந்திரி கொடுத்தது. 2018இல் வந்த முடிவு: நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் ஏறியது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் இறங்கியது, எடை ஏறவில்லை. முந்திரி கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்று ஒதுக்கியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். செடியில் விளையும் எந்தப் பருப்பிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதற்காக முந்திரி சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று படிக்கக் கூடாது; அந்த ஆய்விலேயே சர்க்கரை அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இன்னொன்று, நட்ஸ் ஆய்வுகள் பலவற்றுக்குப் பின்னால் விளைவிப்பவர்களின் சங்கப் பணம் இருக்கிறது. அதனாலேயே பொய்யாகிவிடாது, ஆனால் தலைப்பைப் படித்துத் துள்ளாமல் அளவைப் பார்ப்பது நல்லது.

அளவு என்றால் 30 கிராம். வீட்டில் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை நிறுத்து உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள், பிறகு தராசு வேண்டாம். பாதாமில் அது 25 பருப்பு. நாட்டு ரகச் சிறு கடலையில் எழுபது எண்பது மணி வரும், பெருமணி ரகத்தில் அதில் பாதி போதும். தோடோடு, அதாவது மேல் ஓட்டோடு, வாங்கினால் தோடு கால்பங்குக்கு மேல் எடையைத் தின்றுவிடும். 42 கிராம் காய் எடுத்தால்தான் 30 கிராம் பருப்பு. முந்திரிக்குக் கடைக்காரர் சொல்லும் எண்ணிலேயே கணக்கு ஒளிந்திருக்கிறது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் 320 முழுப் பருப்பு. ஒன்று சுமார் ஒன்றரை கிராம், ஆகவே இருபது. டபிள்யூ 240 பெரியது, பதினைந்து போதும். எண் குறையக் குறைய விலை ஏறும், சத்து அதேதான். வீட்டுக்குச் சாப்பிட உடைசல் வாங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். உடைந்த பருப்புக்குக் காற்றுபடும் இடம் அதிகம், காறல் வாடை சீக்கிரம் வரும்.

முழுசாக மெல்லுவதில் ஒரு சூட்சுமம். பருப்பின் கொழுப்பு நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எவ்வளவு மென்றாலும் எல்லாச் செல்லும் உடையாது. உடையாதது அப்படியே வெளியே போய்விடும். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் இதை அளந்தார்கள்: பாக்கெட்டில் 170 கலோரி என்று அச்சடித்த 28 கிராம் பாதாமிலிருந்து உடம்புக்குச் சேர்ந்தது 129தான். மிக்சியில் அரைத்துப் பாலில் கலக்கினாலோ, வெண்ணெய் போல மசித்தாலோ இந்தச் சலுகை கிடைக்காது. எடை குறைக்க நினைப்பவர் பாதாம் பவுடரைப் பாலில் கரைத்துக் குடிப்பதைவிட, பருப்பை மெல்லுவது நல்லது. பல் இல்லாத பெரியவர்களுக்கும், உடம்பு தேற வேண்டியவர்களுக்கும் அரைத்ததுதான் சரி.

இனி வாங்குவது. கடலையில் கெட்டுப்போவது என்பது ருசி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்து விழுந்தன. கடைசியில் தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை கக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. நாள்பட்டு உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியானது. இதில் கவனிக்க வேண்டியது, வீட்டில் வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு கொஞ்சம் குறையுமே தவிர அழியாது. பூஞ்சை செத்துவிடும், அது விட்டுப்போன விஷம் இருக்கும். ஆகவே பொறுக்குவதுதான் ஒரே வழி.

காய் முற்றும் கடைசி மூன்று நாலு வாரம் மழையில்லாமல் வயல் காய்ந்தாலும், பிடுங்கிய பிறகு காயும்போது மழையில் நனைந்தாலும் பூஞ்சை பிடிக்கும். தோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று பேச வேண்டும். பேசவில்லை என்றால் ஈரம் போகவில்லை. உரித்த பருப்பு வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் கொட்டிப் பரப்ப வேண்டும். சுருங்கியவை, கறுத்தவை, தோல் நிறம் மங்கிச் சாம்பல் பூத்தவை, முளைவிட்டவை, பூச்சி ஓட்டை உள்ளவை, எல்லாம் ஒரு பக்கம். கைப்பிடிக்கு ஒன்றிரண்டு என்றால் பொறுக்கிவிட்டுச் சாப்பிடலாம். பத்துப் பதினைந்து என்றால் அந்த மூட்டையே வேண்டாம். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே ஏமாற்றுவதும் உண்டு: பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுப் பள்ளத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கும். வாயில் ஒரு கடலை கசந்தால் விழுங்கக் கூடாது, துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும். மரியாதைக்காக முழுங்குகிறவர்கள் நிறையப் பேர். பொறுக்கிப் போட்ட சொத்தைக் கடலையை மாட்டுக்கும் கோழிக்கும் வைக்கக் கூடாது. பாலில் அந்த நஞ்சு வேறு உருவில் திரும்பி வரும்.

வறுப்பதற்குக் கடலை வண்டிக்காரர் மணலைப் பயன்படுத்துவது அனுபவத்தில் வந்த அறிவு. வெறும் சட்டியில் கடலை அடியைத் தொடும் இடத்தில் மட்டும் சூடு வாங்கும். மணலில் புதைந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு. வீட்டில் மணலுக்குப் பதில் உப்பு. இரும்புச் சட்டியில் இரண்டு டம்ளர் தூள் உப்பைப் போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு, கால் கிலோ கடலையைக் கொட்டிக் கிளறத் தொடங்குங்கள். தீயை மிதத்துக்கும் கீழே வைத்து, கரண்டி நிற்காமல் எட்டு முதல் பத்து நிமிடம். முதலில் சத்தமே இருக்காது. நாலைந்து நிமிடம் கழித்துத் தோல் வெடிக்கும் சடசடப்பு கேட்கும், கடலை வாசம் எழும். சடசடப்பு தணியும் நேரத்தில் ஒரு கடலையை எடுத்து ஊதி ஆறவைத்துப் பிளந்து பாருங்கள். பச்சை வாசம் போய், வெள்ளை மாறி, பிஸ்கட் நிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தால் அதுதான் பதம். முழுக்கச் சிவக்கும்வரை காத்திருந்தால் கருகிவிடும், ஏனென்றால் அடுப்பைவிட்டு இறக்கிய பின்னும் உள்ளே இருக்கும் சூடு இரண்டு மூன்று நிமிடம் வறுத்துக்கொண்டே இருக்கும். உடனே சல்லடையில் சலித்து முறத்தில் பரப்பிவிட வேண்டும்.

சூட்டில் கடித்துப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி அடுப்பில் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கடலை ஆறினால்தான் மொறுமொறுக்கும். இன்னொரு தவறு, ஆறும் முன் டப்பாவில் போட்டு மூடுவது. ஆவி வியர்த்து மொத்தமும் நமுத்துப்போகும். காய்ந்த கடலையில் உப்பு ஒட்டாது, சலித்ததும் உதிர்ந்துவிடும். உப்புச் சுவை வேண்டுமானால் அரை டீஸ்பூன் உப்பை இரண்டு மேஜைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து, வறுக்குமுன் கால் மணி நேரம் பிசறி உலரவிடுங்கள். ஒரு ஆள் சாப்பிடும் 30 கிராமுக்கு, ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு உப்புதான் வரும். வறுத்த உப்பைக் கொட்ட வேண்டாம், ஐந்தாறு முறை பயன்படும். தோலை ஊதிவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்; அந்தச் சிவப்புத் தோலில்தான் நார்ச்சத்தும் பாலிஃபீனாலும் கூடி இருக்கின்றன.

பச்சையாகத் தின்றால் பித்தம் என்று வீட்டில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பச்சைக் கடலையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வெந்தாலோ வறுத்தாலோ அது அடங்கிவிடும்.

வேகவைத்த கடலைக்கு என் ஓட்டு இரண்டு. தண்ணீர் ஏறி உப்புவதால் 100 கிராமில் கலோரி 318தான், வறுத்ததில் ஏறக்குறைய 590. அதே கைப்பிடிக்கு வயிறு நிறையும், பெரியவர்களுக்கு மெல்லவும் எளிது. பச்சைக் காயாகக் கிடைக்கும் காலத்தில் மண் போக மூன்று தண்ணீரில் அலசி, மூழ்கும் தண்ணீரும் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கல் உப்பும் போட்டு, குக்கரில் மூன்று விசில். காய்ந்த காய் என்றால் இரவு ஊறவைத்து ஐந்து விசில். இறக்கியதும் வடிக்காமல் அந்தத் தண்ணீரிலேயே இருபது நிமிடம் விட்டால் உப்பு தோட்டைத் தாண்டிப் பருப்புக்குப் போகும். வடித்த கடலை வெளியே இருந்தால் மறுநாளே நூல்விடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள்.

பாதாம் ஊறவைப்பதைப் பற்றி இவ்வளவு சடங்கு தேவையில்லை. ஊறவைத்தால் மெல்ல எளிது, தோல் கழலும், அவ்வளவுதான். சத்து இரட்டிப்பாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தோலை உரித்து எறிவது நஷ்டமே. ஊறவைப்பதானால் எட்டு மணி நேரம் போதும். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டி வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்து வாடை வந்துவிடும்.

வால்நட் வாங்குகிறவர்கள் முகர்ந்து வாங்க வேண்டும். ஒமேகா-3 நிறைந்த கொழுப்பு காற்றுபட்டால் மற்றதைவிட வேகமாகக் கெடும். புதிதாக இருந்தால் லேசான கசப்போடு பால்வாசம். கெட்டிருந்தால் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை. வால்நட் என்றாலே கசக்கும் என்று நினைப்பவர்கள் பலர் சாப்பிட்டது காறிப்போன சரக்காக இருக்கும். இதை வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே எடுத்தால் டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த பருப்பின்மேல் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும், அதிலிருந்துதான் பூஞ்சை. கடலையை நீண்ட நாள் வைக்கத் தோடோடு வைப்பதுபோல் பாதுகாப்பு வேறில்லை. உரித்த பச்சைப் பருப்பு இரண்டு மாதம், வறுத்தது இரண்டு மூன்று வாரம். மழைக்காலத்தில் அதிலும் பாதி.

கடையில் விற்கும் மசாலாக் கடலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கடலையைச் சுற்றிக் கடலைமாவு, அதைச் சுற்றி எண்ணெய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது வேறு சங்கதி. நல்ல பண்டம்தான், ஆனால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெல்லம் என்பதை நினைத்து ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

எந்த நேரம் என்று கேட்பவர்களுக்கு: சாப்பாட்டோடு வேண்டாம், இடைவேளையில். பருப்புகளில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து சேருவதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கும் கடலைக்கும் இரண்டு மணி நேரமாவது இடம்விட வேண்டும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்குப் பாதாம் ஏற்றதல்ல, ஆக்சலேட் அதில் கூடுதல். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் காரணமாக மருத்துவரைக் கேட்காமல் எதையும் கைப்பிடிக் கணக்கில் தொடக் கூடாது. கடலை ஒவ்வாமை நம் ஊரில் குறைவாகக் கேள்விப்படுவது. இருந்தாலும் தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயசுக்குள் கடலையை அறிமுகப்படுத்தினால் ஐந்து வயசில் கடலை ஒவ்வாமை 80 சதவீதம் குறைவதைக் காட்டியது. அங்கே கொடுத்தது வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம், மூன்று தடவையாகப் பிரித்து. அதாவது வாரம் முழுவதற்கும் சேர்த்து 24 கிராம் கடலை. ஆனால் அதைக் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், வறுத்துத் தோல் நீக்கி நைசாக அரைத்த விழுதை வெந்நீரிலோ கஞ்சியிலோ தளரக் கரைத்து. கடுமையான கரப்பான் (அரிப்போடு வரும் தோல் நோய்) அல்லது முட்டை ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் பார்த்த பிறகே. முழுக் கடலை ஐந்து வயசு வரை கூடாது. ஓடி விளையாடும் பிள்ளையின் வாயில் கடலை இருந்து, திடீரென்று கடுமையாக இருமி, பிறகு இருமல் அடங்கிவிட்டால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. கடலை மூச்சுக்குழாயில் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கலாம், சில நாளில் ஊறி உப்பும், ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் சத்தம் கேட்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. கடலை தின்னும்போது புரையேறியது என்று மருத்துவரிடம் நாமாகச் சொன்னால்தான் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.